ஜெயலக்ஷ்மியின் அப்பாவுக்கு ஒரு கார்டு

மிசூரி
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எடை, பிரஷர் இரண்டையும் முதல் வரியிலேயே எழுதிவிடு. நலமா என்று கேட்டால் நீ நலம் என்றுதான் சொல்வாய். எண்ணைக் கேட்டால் கொஞ்சமாவது தயங்குவாய். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கர் போடச் சொல்கிறார், அவர் காதில் விழக் கூடாதது நிறைய இருக்கிறது. அதனால் இனி மெயிலிலேயே எழுதுகிறேன். உனக்கும் டயாலிசிஸ் நாற்காலியில் நாலு மணி நேரம் போக வேண்டுமே.

விஷயம் இதுதான். படிப்பு வருகிற மே மாதம் முடிகிறது. ஆனால் படித்து முடித்தால் மட்டும் இங்கே டாக்டர் ஆகிவிட முடியாது. ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி என்னை மூன்று வருஷம் ரெசிடென்சி என்கிற பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காவிட்டால் என் டிகிரியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான். விசாவும் அதோடு தீர்ந்துவிடும்.

இந்த நாட்டில் எம்.டி. என்று ஒரு ஜாதி, டி.ஓ. என்று ஒரு ஜாதி. நான் டி.ஓ., ஆஸ்டியோபதி. சட்டப்படி இரண்டும் சமம். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் யாருக்கு முதல் இலை என்று தெரியும். நான் சேர்ந்த பிறகு வருஷா வருஷம் புது டி.ஓ. கல்லூரிகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. மூடிப்போன ஒரு சூப்பர்மார்க்கெட்டில்கூட ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் பெருகிய அளவுக்கு இடம் பெருகவில்லை. எங்கள் கல்லூரிக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரியே கிடையாது. போன வருஷம் வகுப்பில் முதல் பத்துக்குள் இருந்த ஒரு பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை. இப்போது மருந்துக்கடையில் பில் போடுகிறாள். எனக்கு விசா வேறு வேண்டும். விசா என்ற வார்த்தையைப் பார்த்ததுமே பாதிப் பேர் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவார்கள்.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். நான் எதற்காக டாக்டராக வேண்டும் என்று அதில் சொல்ல வேண்டும். சிறுநீரக வைத்தியம் படிக்க நினைப்பது உன்னால்தான் என்று எழுதப்போகிறேன். உனக்குச் சங்கடம் இல்லையென்றால் முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. சின்ன விஷயத்தைக்கூட விடாதே. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

உன் தம்பி,
சுதர்ஷன்


மட்டாஞ்சேரி
8 ஆகஸ்ட் 2024

அருமைத் தம்பிக்கு,

எடை நாற்பத்தெட்டரை. பிரஷர் நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு. கேட்டது கொடுத்தாயிற்று. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியும் இறங்கியும் இருக்கிறது, அவர் கோபத்தைப் போலவே.

எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் இருந்துதான் எழுதுகிறேன். இடது கையில் இரண்டு ஊசி, வலது கட்டைவிரலால் தட்டுகிறேன். பக்கத்து நாற்காலி சேச்சி எட்டி எட்டிப் பார்க்கிறாள். தமிழ் தெரியாததால் பிழைத்தேன். டெக்னீஷியன் ஷபானா மட்டும், "சேச்சீ, ஆர்க்கா லவ் லெட்டர்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். என் தம்பிக்கு என்றேன். நம்பவில்லை.

அப்பா இன்னும் பஜார் ரோடு மிளகுக் கடைகளில் போய், "எங்க பையன் அமெரிக்காவிலே முதுகெலும்பைக் கையாலே பிடிச்சுச் சரியாக்கற டாக்டருக்குப் படிக்கறான்" என்கிறார். "ஓ, எண்ணெய் தேய்க்கிற உழிச்சில் வைத்தியமா? அதுக்கு நம்ம கோட்டக்கல் போதுமே" என்கிறார்களாம். அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை அவருக்கு.

நீ கேட்டதற்கு வருகிறேன். திருப்பூணித்துறை பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் செருப்பு வார் பூட்டவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனோடு சண்டைக்குப் போனேன். அவன் என் காலைப் பார்த்து, "டீச்சரே, செருப்புக்கு ஒண்ணும் இல்லை, காலுக்காக்கும் நீர்" என்றான். அவன்தான் என் முதல் டாக்டர். பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. சாயாவும் அதற்குள்தான். கேரளத்தில் இருந்துகொண்டு இளநீர் குடிக்கக் கூடாது, நேந்திரம்பழம் தின்னக் கூடாது. எனக்கு மிகவும் கோபம் வருவது அதற்குத்தான், சாவுக்கில்லை.

அப்பாவுடைய கிட்னி சர்க்கரையால் ஆகாது என்றார்கள். உன்னுடையது பொருந்தும் என்று சொன்ன அன்றைக்கு நீ அழுதாய். அதே வாரம் உனக்குக் கல்லூரியில் இடம் வந்தது. "போய்ப் படிடா, உன் கிட்னி எங்கேயும் ஓடிப் போகாது, உன்கூடத்தான் வரும்" என்றேன். அதை அப்படியே எழுது. எழுதி எனக்கு அனுப்பு. பிழை திருத்தித் தருகிறேன். இங்கே அவசரம் ஒன்றும் இல்லை.

அன்பு அக்கா,
ஜெயா


மிசூரி
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு மெயிலுக்கும் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். எடை ஒரே நிலையில் இருப்பதைப் பார்த்து நிம்மதி. அப்பாவின் கண் ஆபரேஷன் தேதி முடிவானதா?

நூற்று நாற்பது ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். மூன்று இடத்திலிருந்துதான் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு இடத்தில் கேட்க வேண்டுமே என்று கேட்டார்கள். ஒருவர் என் கல்லூரி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று என்னிடமே விசாரித்தார். மூன்றாவது ஒரு சின்ன ஊர். சோளக்காட்டு நடுவில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே பயிற்சிக்குத் தலைமை டாக்டர் ஹாலோரன் என்கிற அம்மாள். அறுபது வயதிருக்கும். என் கட்டுரையை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினோம். என்னை அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். கிடைத்தால் அங்கேதான்.

கட்டுரையை அனுப்பு அனுப்பு என்கிறாய். எந்த ஃபைலில் போட்டேன் என்று தெரியவில்லை. தேடி அனுப்புகிறேன்.

அந்த அம்மாள் நம் வீட்டு விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பா பெயருக்கு ஏதாவது கவர் வந்தால் நீ வாங்கித் தனியாக வை. பிரிக்க வேண்டாம். இங்கே கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் கார்டு அனுப்புவார்கள், வெறும் சம்பிரதாயம்.

சுதர்ஷன்


மட்டாஞ்சேரி
18 ஜனவரி 2025

சுதர்ஷன்,

எடை நாற்பத்தெட்டு. பிரஷரை ஷபானா இரண்டு தடவை பார்த்தாள். இருநூற்றுப் பத்து. காரணம் நீ.

கார்டு வந்தது. பிரிக்காதே என்று நீ எழுதியதால்தான் பிரித்தேன். அப்பாவுக்குக் கண்ணில் கட்டு அவிழ்த்து ஒரு வாரம்தான் ஆகிறது, படிக்கக் கூடாது. "வாசிச்சுக் காட்டு" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டார். முதல் வரியிலேயே என் பெயர் இருந்தது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "உன்னைப் பத்திக்கூட சொல்லியிருக்கானே" என்றார். இரண்டாவது வரியை நான் மனசுக்குள்தான் படித்தேன்.

"உங்கள் மகள் ஜெயலக்ஷ்மியை நான் பார்த்ததில்லை. உங்கள் மகன் அவளுடைய கடைசி நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து அவளை நினைக்காத நாளில்லை. என் தம்பியும் சிறுநீரகத்துக்காகக் காத்திருந்தே போனவன். தான் கொடுப்பதற்குள் அக்கா போய்விட்டாளே என்ற துக்கத்தோடு உங்கள் மகன் இருக்கிறான். உங்களிடமிருந்து ஒரு வரி வந்தால் ஆறுதலாக இருக்கும்."

அப்பா, "மேலே என்னடி எழுதியிருக்கா அந்தம்மா?" என்றார். உங்கள் பிள்ளை கெட்டிக்காரன், நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறார் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்து போட்ட கண், துடைக்கக் கூடாது. தடுக்கக்கூட எனக்குக் கை எழவில்லை.

நான் என்றைக்குடா செத்தேன்? தேதி போட்டிருக்கிறாயா? யார் கொள்ளி வைத்தது? நீ வந்தாயா? வாரத்துக்கு மூன்று நாள் கையை நீட்டிக்கொண்டு நாலு மணி நேரம் கிடக்கிறேனே, இட்டலியைக்கூட எண்ணித் தின்கிறேனே, இதெல்லாம் எதற்கு? நீ ஒரே வரியில் முடித்துவிட்டாய். நான் செருப்புக்கடைக் கதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதி அனுப்பினேனே, அதைப் படித்துக்கொண்டேதான் எனக்குப் பாடை கட்டினாயா?

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை.

ஜெயலக்ஷ்மி


மிசூரி
18 ஜனவரி 2025

அக்கா,

உன் மெயில் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிரஷர் இறங்கியதா? அதை மட்டுமாவது எழுது.

நீ சொன்னதை முதலில் அப்படியே எழுதினேன். செருப்புக்கடை, கிட்னி ஓடிப் போகாது என்றது, எல்லாம் இருந்தது. கட்டுரை திருத்தித் தருகிற ஒரு அம்மாளிடம் காட்டினேன். எல்லோரும் அவரிடம்தான் போகிறார்கள். "நன்றாக இருக்கிறது, ஆனால் இது எங்கேயும் போய்ச் சேரவில்லையே. உன் அக்கா கடைசியில் என்ன ஆனாள்?" என்று கேட்டார். அப்படியேதான் இருக்கிறாள், டயாலிசிஸ் போகிறாள் என்றேன். "இதைப் படிப்பவர் உனக்குத் தருவது ஒன்றரை நிமிடம். நடந்துகொண்டே இருக்கிற நோய்க்கு அதில் இடமில்லை" என்றார். சாகடி என்று அவர் சொல்லவில்லை. நானேதான் செய்தேன். கடைசிப் பத்தியை மாற்றினேன், அனுப்பினேன்.

நான் கொடுக்காமல் வந்துவிட்டேன் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை அக்கா. நீ செத்துப்போனதாக எழுதுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. இது எப்பேர்ப்பட்ட வெட்கக்கேடு என்று எனக்குத் தெரியும்.

மார்ச் முதல் வாரத்துக்குள் எனக்கு வேண்டிய ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். ஹாலோரனின் ஆஸ்பத்திரியை எடுத்துவிடட்டுமா? மற்ற இரண்டும் என்னை எடுக்காது. எடுத்தாலும் அங்கேயும் அதே கட்டுரைதான் போயிருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடட்டுமா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

சுதர்ஷன்


மட்டாஞ்சேரி
3 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

எடை நாற்பத்தேழரை. பிரஷர் இறங்கிவிட்டது. இரண்டு வாரம் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன், அதில் இறங்கிவிட்டது போலிருக்கிறது. நூற்று நாற்பது ஊரில் என்னைக் கொன்றிருக்கிறாய். ஒரு ஊரில் மட்டும் பிழைக்க வைத்து என்ன ஆகப்போகிறது? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

நீ திரும்பி வந்தால் அப்பா தாங்கமாட்டார். கண் தெரிய ஆரம்பித்ததும் அவர் முதலில் கேட்டது அந்தக் கார்டைத்தான். பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன் என்றேன்.

உனக்கு ஓர்மை இருக்கிறதா, அம்மா இருந்தபோது அவள் தலையில் காக்கை தட்டினது? அம்மா பயந்துபோய், பரிகாரம் செய்தே ஆக வேண்டும் என்றாள். காக்கை தட்டினால் ஆயுசுக்குக் கெடுதல். செத்துப்போய்விட்டதாகப் பொய்யாக ஆள் அனுப்பி, சொந்தத்தில் யாரையாவது அழ வைத்துவிட்டால், அந்தக் கண்ணீரோடு கழிந்துவிடும் என்பார்கள். அப்பா போன் போட்டு வெங்கிட்டு மாமாவிடம் சொன்னார். மாமா திருப்பூணித்துறையிலிருந்து பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தார். வாசலில் அம்மா நிற்பதைப் பார்த்ததும், "அடிப் பாவி!" என்று கொண்டுவந்த மாலையை அவள் மேலேயே வீசினார். அப்புறம் இருந்து பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த ஹாலோரன் அம்மாள் எனக்காக நிஜமாகவே அழுதிருக்கிறாள். அவள் எழுத்தில் அது தெரிகிறது. முகம் தெரியாதவள் அழுத கண்ணீருக்குப் பலன் கூடுதலாகத்தான் இருக்கும். எனக்குத் தட்டினது எந்தக் காக்கையோ, இந்தப் பரிகாரத்தை நீ செய்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டேன். வேறு எப்படி இதை விழுங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் எழுதிவிட்டேன். அப்பா எழுதுவது போல, நல்ல தாளில், என் கையால். "மேடம், என் மகள் பொறுமைசாலி. கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக நீங்கள் வருந்தியதற்கு இந்தத் தகப்பன் நன்றி சொல்கிறேன்." கடைசிவரை என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். என் சாவுக்கு நானே நன்றி சொன்னேன். தபாலில் சேர்த்தாயிற்று. அந்த ஆஸ்பத்திரியை லிஸ்டில் முதலில் போடு. யாரிடமும் வாயைத் திறக்காதே.

ஜெயா


மிசூரி
21 மார்ச் 2025

அக்கா,

கிடைத்துவிட்டது. ஹாலோரனின் ஆஸ்பத்திரிதான். ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும். இன்று காலை மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கவரைப் பிரித்தோம். இருபத்துமூன்று பேர் வரவேயில்லை. அவர்களுக்குத் திங்கட்கிழமையே இடம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதில் ஒருவன் என்னோடு நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தவன். சாமானைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினான். அவன் கட்டுரையில் ஒரு பொய்யும் இல்லை.

ஹாலோரன் போன் செய்தார். "உன் அக்கா இருந்திருந்தால் இன்றைக்கு மிகவும் சந்தோஷப்பட்டிருப்பாள்" என்றார். ஆமாம் என்றேன்.

மே, ஜூன் இரண்டு மாதம் எனக்கு ஓய்வு. அப்போது வந்து ஆபரேஷனை முடித்துவிடலாமா? விசாவைத் திரும்பக் குத்தித் தருவார்களா என்பது மட்டும்தான் சந்தேகம். நீ வா என்றால் வந்துவிடுகிறேன். ஏற்கெனவே நாலு வருஷம் தள்ளிப்போட்டாயிற்று. உன் ரத்தப் பரிசோதனைத் தாள்களை அனுப்பு. அப்பாவிடம் நீயே சொல்லிவிடு, நான் பேசினால் குரல் காட்டிக் கொடுத்துவிடும்.

சுதர்ஷன்


மட்டாஞ்சேரி
6 ஏப்ரல் 2025

அருமைத் தம்பிக்கு,

ரொம்ப சந்தோஷம். அப்பா தெருவில் ஒரு வீடு விடாமல் லட்டு கொடுத்தார். கொங்கணி மாமி, குஜராத்திக் கடைக்காரர், ஒருவரையும் விடவில்லை. எனக்கும் ஒன்று. சாப்பிடக் கூடாது, சாப்பிட்டேன்.

மே மாதம் வராதே. வந்த பிறகு விசா கிடைக்காவிட்டால், எனக்குப் பாடை கட்டினதுகூட வீணாகிவிடும். இங்கே அவசரம் ஒன்றும் இல்லை. எல்லாம் வழக்கம்போலத்தான். ஒரு வருஷம் வேலையில் காலை ஊன்று, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பரிசோதனைத் தாள் எங்கேயோ வைத்துவிட்டேன். கட்டைவிரல் வலிக்கிறது, இவ்வளவு போதும். வெயில் கடுமை.

அக்கா


இல்லினாய்
28 செப்டம்பர் 2025

அக்கா,

ஜூலையிலிருந்து உன் மெயில் இல்லை. போனில் அப்பாதான் எடுக்கிறார், "அவ தூங்கறா" என்கிறார். வேலை அதிகம் என்று நானும் இருந்துவிட்டேன். வாரத்துக்கு எண்பது மணி நேரம். பிறத்தியார் சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஷபானாவிடமிருந்து மெசேஜ் வந்தது. என் நம்பரை உன் போனிலிருந்து எடுத்தாளாம், அவளைத் திட்டாதே. உனக்குக் கழுத்தில் டியூப், மூன்றாவது தடவை மாற்றியிருக்கிறது என்கிறாள். ஏப்ரல் வெயிலில் வீடியோவில் நீ கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டுக்கொண்டிருந்தாய். நான் டாக்டர். எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் மெயிலில் எடை இல்லை. அதையும் இப்போதுதான் பார்க்கிறேன். எடை என்ன, சொல்.

சுதர்ஷன்


மட்டாஞ்சேரி
2 அக்டோபர் 2025

தம்பிக்கு,

எடை நாற்பத்தொன்று.

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. மார்ச்சில், உனக்கு இடம் கிடைத்த அதே வாரம், இடது கை ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கையில் முயற்சி செய்தார்கள், அதுவும் பிடிக்கவில்லை. அதனால்தான் கழுத்தில் போட்டார்கள். இரண்டு தடவை அதில் கிருமி ஏறிக் குளிர் ஜுரத்தில் கிடந்தேன். குழாய் போட இனி அதிக இடம் இல்லை என்கிறார் டாக்டர். சர்க்காரின் காத்திருப்புப் பட்டியலில் என் நம்பர் வர வருஷக்கணக்காகும். "பிரதர் மேட்ச் அல்லே? எந்தா வைகுன்னது?" என்று கேட்டார். ஏன் தாமதம் என்கிறார். தம்பி அமெரிக்காவில் வேலையில் இருக்கிறான் என்று பெருமையாகச் சொன்னேன்.

இதை எழுதுவது உன்னை வரவழைக்க இல்லை. வராதே என்று சொல்லத்தான். நீ லீவு கேட்பாய். யாருக்குக் கிட்னி கொடுக்கப்போகிறாய் என்று கேட்பார்கள். அக்காவுக்கு என்று உன்னால் சொல்ல முடியுமா? நான் செத்து வருஷம் ஒன்றாகிறது. என் தகப்பனார் பெயரில் அதற்கு நன்றிக் கடிதம் வேறு இருக்கிறது. ஒருத்தி சாவதற்கு இரண்டு தடவை லீவு தரமாட்டார்கள்டா.

அப்பாவுக்கு உன் வேலை ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்காதே. இங்கே அவசரம் ஒன்றும் இல்லை.

ஜெயா


இல்லினாய்
10 அக்டோபர் 2025

அக்கா,

இன்று காலை ஹாலோரன் அறைக்குப் போனேன். சித்தி பெண்ணுக்குக் கிட்னி கொடுக்க வேண்டும், மூன்று மாதம் லீவு வேண்டும் என்று சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். கதவைத் திறந்ததும், "வா, உட்கார். அப்பா எப்படி இருக்கிறார்?" என்றார். எல்லா நாளும் அதைத்தான் முதலில் கேட்பார். "என் அக்கா சாகவில்லை" என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். வெங்கிட்டு மாமாவுக்கு நாம் அன்றைக்கே உண்மையைச் சொல்லிப் பாயசம் போட்டு அனுப்பினோம். இந்த அம்மாளைப் பத்து மாதம் அழவிட்டு வைத்திருந்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மேஜையைத் திறந்து நீ எழுதிய கடிதத்தை எடுத்து வைத்து, "உன் அப்பாவுக்கும் இது தெரியுமா?" என்றார். தெரியாது, எழுதினது அக்காதான் என்றேன். அந்தக் கடிதத்தை மறுபடியும் முழுவதும் படித்தார். அப்புறம் என்னைப் பார்க்கவேயில்லை.

"உண்மையை எழுதியிருந்தால் என்னைக் கூப்பிட்டிருப்பீர்களா?" என்று கேட்டேன். யோசித்துத்தான் சொன்னார். "தெரியாது. அன்றைக்கு என் மேஜையில் இரண்டாயிரம் விண்ணப்பம் இருந்தது."

வேலை போய்விட்டது. பொய்த் தகவல் என்று எழுதித்தான் அனுப்புவார்கள், இனி இந்த நாட்டில் எங்கேயும் எடுக்கமாட்டார்கள். அங்கே வந்து என்ன வேலை செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கிட்னி கொடுக்கத் தடையாக எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, முப்பது வயதுகூட ஆகவில்லை. டிக்கெட் பார்த்துவிட்டேன். நீ வேண்டாம் என்று எழுதினால் வரமாட்டேன், இத்தனை நாளும் அதைத்தானே செய்தேன். ஆனால் அதையும் நீ எண்ணோடு எழுது.

சுதர்ஷன்


மட்டாஞ்சேரி
11 அக்டோபர் 2025

சுதர்ஷா,

எடை நாற்பது. பிரஷர் தொண்ணூறுக்கு ஐம்பது. ஜுரம் நூற்றிரண்டு.

ஷபானாதான் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், நான் தட்டுகிறேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கார்டையும் எடுத்துக் கொடுத்தேன். முழுவதும் அவரே படித்தார். "அவனை வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

உன் வேலை போனதற்கு நான் அழ வேண்டும். அழுகை வரவில்லை, அதற்கு என்னை மன்னித்துவிடு. உன் மெயிலைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

இத்தனை வருஷமாக அவசரம் இல்லை, அவசரம் இல்லை என்று எழுதினேனே, எல்லாம் பொய். நீ எழுதினதைவிடப் பெரிய பொய். எனக்குச் சாக இஷ்டமில்லைடா. சீக்கிரம் வா.

அக்கா